அப்பாவுக்கு சுகர் புண், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரிசல்கதிர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமம். அப்பாவுக்கு வயசு 61, சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, மாத்திரை ஒழுங்கா போட மாட்டாங்க, காட்டு வேலைக்கு செருப்பில்லாமத்தான் போவாங்க. வலது கால் சுண்டுவிரல்ல முள்ளு குத்தியிருக்கு, மரத்துப்போன காலுங்கறதால அவங்களுக்கே தெரியல. இப்ப அந்த விரல் கருத்துப்போய் பக்கத்து விரலுக்கும் புண்ணு ஏறிட்டு, நாத்தம் வேற வருது. இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில காட்டினோம், முட்டிக்குக் கீழ எடுத்துரணும், ரெண்டு லட்சம் கிட்ட ஆகும், சீக்கிரம் முடிவு சொல்லுங்கன்னுட்டாங்க. அம்மா அழுதுட்டே இருக்காங்க. பெரியப்பா நிலத்தை ஒத்திக்கு வச்சிரலாம்னு சொல்லுதாங்க. எனக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில, அதான் திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில, ஒரு தடவை காட்டிட்டு முடிவு பண்ணலாம்னு தோணுது. ஆனா அங்க யாரைப் பாக்கணும், எத்தனை மணிக்குப் போகணும், காப்பீடு கார்டு இல்லாம சேப்பாங்களா, ஒண்ணுமே தெரியாது. போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அவசரம்.

தாமிரபரணித்தண்ணி:
தம்பி முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அப்பாவுக்கு காய்ச்சல் குளிர் நடுக்கம் இருக்கா, கால் வீக்கம் கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருக்கா, பேச்சு ஏதும் மாறி மாறி வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் ஓபிக்காக விடியற வரைக்கும் காத்துக் கிடக்காதீங்க, நேரா கேஷுவாலிட்டிக்கு, அதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க, அது 24 மணி நேரமும் இருக்கு. 108ஐக் கூப்பிட்டா பெரும்பாலும் பக்கத்துல இருக்க ஆஸ்பத்திரிக்குத்தான் முதல்ல கொண்டு போவாங்க, அதாவது உங்களுக்கு சங்கரன்கோவில் ஜிஹெச். அதுக்கு பயப்படாதீங்க. அங்க ட்ரிப்ஸ் ஏத்தி, சுகர் பாத்து, முதல் ஊசியும் போட்டு, ரெஃபர் சீட்டு எழுதி மறுபடி 108லயே ஹைகிரவுண்டுக்கு அனுப்புவாங்க. அந்த ரெஃபர் சீட்டை பத்திரமா வச்சுக்கோங்க, கேஷுவாலிட்டில அதைப் பாத்தவுடனே விஷயம் புரிஞ்சிரும், நீங்க முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியது இருக்காது.

கரிசல்கதிர்:
காய்ச்சல் நேத்து ராத்திரி லேசா இருந்துச்சு அண்ணாச்சி, இப்ப இல்ல. வீக்கம் பாதத்தோட இருக்கு. பேச்சு தெளிவாத்தான் இருக்கு.

குற்றாலச்சாரல்:
நான் சொல்றது கசப்பா இருக்கும், இருந்தாலும் சொல்லுதேன். கடன் வாங்கினாலும் பரவாயில்ல, பிரைவேட்ல பாருங்க. எங்க மாமாவை ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சேத்தோம், எந்த ஊருன்னு வேண்டாம். வாசல்ல இருந்து வார்டுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள காசு, எக்ஸ்ரேக்கு கூட்டிட்டுப் போக காசு, பெட் இல்லன்னு தரையில பாய் போட்டுப் படுக்க வச்சாங்க, யாரைக் கேட்டாலும் டாக்டர் வருவார் இருங்கன்னுதான் பதில். வந்த டாக்டரும் நம்ம மூஞ்சியைப் பாக்காம கேஸ் ஷீட்டைப் பாத்து இங்கிலீஷ்ல ஏதோ பேசிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். ரெண்டே நாள்ல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டு வெளிய கூட்டிட்டு வந்துட்டோம். அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

ஓய்வுபெற்றசிஸ்டர்:
கதிர் தம்பி, நான் கவர்மெண்ட் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ, சர்ஜரி வார்டுலதான் பெரும்பாலும் வேலை பாத்தேன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க.

சாரல் தம்பி சொன்னதை நான் பொய்னு சொல்லல. ஸ்ட்ரெச்சர் காசு கேக்கிறது நடக்குது, தரையில படுக்க வைக்கிறதும் நடக்குது, ஏன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில பெட் இல்லன்னு சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, வந்தவங்களை சேத்துத்தான் ஆகணும். ஹைகிரவுண்டுக்கு திருநெல்வேலிக்காரங்க மட்டுமா வாராங்க? தென்காசி தனி மாவட்டமா ஆனது 2019ல, அங்க இன்னும் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் கிடையாது, அதனால செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் மொத்தமும் இங்கதான். தூத்துக்குடிலயும் ஆசாரிப்பள்ளத்துலயும் காலேஜ் வந்த பிறகும் அங்கிருந்து ரெஃபர் ஆகி வாரவங்க இருக்காங்க. காலேஜ் 1965ல ஆரம்பிச்சது, அன்னைக்கு இருந்த கூட்டம் வேற இன்னைக்கு இருக்க கூட்டம் வேற. 2019 ஜனவரில சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் திறந்தாங்க, அதுல இதயம், நரம்பு, கிட்னின்னு தனித்தனியா பிரிஞ்சதுல கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது.

இப்ப உங்க விஷயம். கால் புண்ணுக்கு நீங்க போக வேண்டியது சர்ஜரி ஓபி. காலைல 7.30க்கு ஓபி சீட்டு கவுண்டர் திறந்திரும், 12 மணி வரைக்கும். ஆனா எட்டு மணிக்குள்ள அங்க நின்னுருங்க. சீட்டு போடுறப்ப சுகர் புண்ணு, விரல் கருத்திருக்குன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, சும்மா கால் வலின்னு சொன்னா எலும்பு ஓபிக்கு எழுதிக் கொடுத்திருவாங்க, அங்க ஒரு வரிசை நின்னு மறுபடி இங்க வரணும்.

சர்ஜரில யூனிட் யூனிட்டா பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓபி நாள், அட்மிஷன் நாள் உண்டு. நீங்க எந்த யூனிட்ல சேந்தீங்களோ கடைசி வரைக்கும் அந்த யூனிட்தான் உங்களைப் பாக்கும். சீட்டுல யூனிட் நம்பர் எழுதியிருப்பாங்க, அதை மனப்பாடம் பண்ணிக்கோங்க. டிஸ்சார்ஜ் ஆன பிறகு காட்ட வாரப்பவும் அந்த யூனிட்டோட ஓபி நாள்லதான் வரணும். இது தெரியாமத்தான் நெறைய பேரு வேற நாள்ல வந்து, வேற டாக்டர்கிட்ட முதல்ல இருந்து சொல்லி, நாளைக்கு வாங்கன்னு கேட்டு, அலைய விடுதாங்கன்னு வையிறாங்க.

வார்டுல உங்ககிட்ட முதல்ல வாரது ஹவுஸ் சர்ஜன், பயிற்சில இருக்க சின்னப் பிள்ளைங்க, ரத்தம் எடுப்பாங்க, டிரெஸ்ஸிங் பண்ணுவாங்க. அவங்களுக்கு மேல பிஜி, அதாவது மேல்படிப்பு படிக்கிற டாக்டர், அவங்களுக்கு மேல அசிஸ்டெண்ட் புரொஃபசர், அப்புறம் யூனிட்டுக்குத் தலைவரா இருக்க சீஃப். காலைல சீஃப் ரவுண்ட்ஸ் வாரப்ப கேள்வி கேட்டா பதில் கிடைக்கிறது கஷ்டம், அந்த நேரத்துல அவங்க பிள்ளைங்களுக்கு பாடமும் எடுத்துட்டு இருப்பாங்க. ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் பிஜி டாக்டர் கேஸ் ஷீட் எழுத உக்காருவாங்க. அப்ப போய் நில்லுங்க. எங்க அப்பாவுக்கு காலுக்கு ரத்த ஓட்டம் பாத்தீங்களா, அதைப் பாக்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சா, எது வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும்னு கேளுங்க. நிதானமா சொல்லுவாங்க. என் அனுபவத்துல அந்த நேரத்துல கேட்டவங்களை விரட்டின பிஜியை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன்.

டாப்ளர் ஏன் சொல்லுதேன்னா, முட்டிக்குக் கீழ எடுக்கணுமா விரலோட நிக்குமாங்கறதை முடிவு பண்றதே காலுக்கு ரத்தம் எது வரைக்கும் போகுதுங்கறதை வச்சுத்தான். பாதத்துல நாடி இருந்து, சீழ் மேல ஏறாம இருந்தா, செத்த சதையையும் விரலையும் மட்டும் எடுத்துட்டு தினம் டிரெஸ்ஸிங் பண்ணி காலைக் காப்பாத்தின கேஸ் நான் எத்தனையோ பாத்திருக்கேன். உங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆகும்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது, பாத்துத்தான் சொல்லணும். ஆனா அந்த டெஸ்ட் பாக்காம யாரும் முட்டிக்குக் கீழன்னு சொன்னா ஏன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

கடைசியா என் மனசுல இருக்கதைச் சொல்லிருதேன். எங்க வார்டுக்கு வார கால் புண்ணுல பாதிக்கு மேல நாள் கடந்து வாரதுதான். முதல்ல கை வைத்தியம், பிறகு பக்கத்துல இருக்க கிளினிக், பிறகு பெரிய பிரைவேட், நகை போகும், நிலம் போகும், கையில ஒண்ணும் இல்லன்னு ஆன பிறகு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. அதுக்குள்ள புண்ணு கணுக்காலைத் தாண்டியிருக்கும், அப்புறம் நாங்க எடுக்காம என்ன செய்ய? கையில காசு இருக்கப்பவே வாங்க. அந்தக் காசு அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நல்ல சாப்பாட்டுக்கும் செருப்புக்கும் ஆகும். நிலத்தை ஒத்திக்கு வைக்கறதை நாலு நாள் தள்ளிப் போடுங்க, கால் வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீங்க. நாளைக்கே கிளம்புங்க.

கரிசல்கதிர்:
ரொம்ப நன்றி சிஸ்டர். அம்மாகிட்ட இதை அப்படியே வாசிச்சுக் காமிச்சேன். நாளைக்கு காலைல கிளம்புதோம். காப்பீடு கார்டு இல்லாததுதான் யோசனையா இருக்கு, வருமானச் சான்று வாங்கவே ஒரு வாரம் ஆகுமே.

வருவாய்ராஜா:
கார்டு இல்லன்னு போகாம இருந்திராதீங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சிகிச்சை இலவசம்தான், காப்பீடு இல்லாட்டியும் சேப்பாங்க, ஆபரேஷனும் பண்ணுவாங்க. காப்பீடு இருந்தா அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும், அதுல வாங்க வேண்டிய சாமானெல்லாம் வாங்குவாங்க, அதனாலதான் அவங்களே கார்டு இருக்கா இருக்கான்னு கேப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ரேஷன் கார்டு, எல்லாரோட ஆதார், வருமானச் சான்று வேணும். வருமானச் சான்றுக்கு இ-சேவைல போட்டுட்டு விஏஓவைப் போய்ப் பாத்து ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்னு சொல்லுங்க, நெஜமாவே அவசரம்னா தள்ளிவிட மாட்டாங்க. பிறகு தென்காசி கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துல பதிவு பண்ணணும். ஆஸ்பத்திரிக்குள்ளயும் காப்பீட்டுக்குன்னு ஒரு கவுண்டர் இருக்கும், அட்மிஷன் ஆன அன்னைக்கே அங்க போய் ரேஷன் கார்டு நம்பரைக் கொடுத்து பழைய பதிவு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தப்ப உங்க அப்பா அம்மா போட்டோ எடுத்திருக்கலாம், அது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, ஆனா நம்பர் உள்ள கிடக்கும். சந்தேகம்னா 1800 425 3993 இலவச நம்பர்.

பாளைமேரி:
நான் ஹைகிரவுண்டு பக்கத்துலயே இருக்கேன். ஜங்ஷன்ல இருந்தும் புது பஸ் ஸ்டாண்டுல இருந்தும் டவுன் பஸ் உண்டு, அம்மாவுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல. ஆனா அப்பாவை அந்தக் காலோட பஸ்ல ஏத்தாதீங்க, ஆட்டோ வச்சிருங்க, கால் தொங்கக் கூடாது.

கொண்டு போறதுக்கு: ரெண்டு பெட்ஷீட், மக்கு, தட்டு டம்ளர், ஃபிளாஸ்க், போன் சார்ஜர். ஆதார் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நாலஞ்சு செட்டு, ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணு கேப்பாங்க. முக்கியமா பிரைவேட்ல எடுத்த ரத்த ரிப்போர்ட், எக்ஸ்ரே, சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வச்சுக்கோங்க. சுகர்காரங்களை வெறும் வயித்தோட வரிசையில நிக்க வச்சிராதீங்க, இட்லி ரெண்டு கட்டிட்டுப் போங்க, சுகர் எறங்கி மயக்கம் போட்டு விழுந்தவங்களை அந்த வரிசையிலயே நான் பாத்திருக்கேன்.

ஆம்பளைங்க வார்டுல ராத்திரி கூட இருக்கறதுக்கு ஆம்பள ஆளா இருந்தா நல்லது. பகல்ல அம்மா, ராத்திரி நீங்கன்னு மாறிக்கோங்க. வார்டுலயே சாப்பாடு உண்டு, சுகர் இருக்கவங்களுக்கு அதுக்குத் தக்கன கொடுப்பாங்க, சிஸ்டர்கிட்ட சொல்லி பேரை எழுத வையுங்க.

தாமிரபரணித்தண்ணி:
இன்னொண்ணு. மருந்து உள்ளயே கொடுப்பாங்க, மாத்திரை அட்டையிலயே தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும். 1994ல மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி எல்லா ஆஸ்பத்திரிக்கும் பிரிச்சுக் கொடுக்காங்க. நம்மாளுங்க சிலபேரு இந்த மாத்திரை வேலை செய்யாதுன்னு குப்பையில போட்டுட்டு வெளியில போய் அதே மருந்தை வேற பேர்ல வாங்குவாங்க. வாங்குன மருந்தை சாம்பிள் எடுத்து லேப்ல பாத்துட்டுத்தான் வெளியவே விடுவாங்க, அதனால தைரியமா போடச் சொல்லுங்க. ஸ்கேனுக்கும் அந்தக் கழகத்தோட சென்டர்தான், சிடி 500 ரூபா, எம்ஆர்ஐ 2500 ரூபான்னு வச்சிருந்தாங்க, வெளியில இதை மாதிரி பல மடங்கு.

குற்றாலச்சாரல்:
எல்லாரும் நல்லதாவே சொல்லுதீங்க, சரி. ஆனா காசு கேட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலியே. ஏழைபாழைங்க அம்பது நூறுக்கு எங்க போவாங்க?

ஓய்வுபெற்றசிஸ்டர்:
நியாயமான கேள்வி தம்பி. கேட்டா கொடுக்காதீங்க. கொடுக்கலன்னா தள்ள மாட்டேன்னு நின்னா நீங்களே தள்ளிட்டுப் போங்க, கூட வந்தவங்க தள்ளக் கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது. பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பாக்கிற டாக்டர், ஆர்எம்ஓம்பாங்க, அவங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டு, நேரம், இடம், எந்த வார்டு வாசல்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுங்க. வாய்ல சொன்னா காத்துல போயிரும், தாள்ல எழுதினா விசாரிச்சே ஆகணும். டீன் ஆபீஸ்லயும் கொடுக்கலாம், அரசு சுகாதார உதவி நம்பர் 104க்கு போன் போட்டும் புகார் சொல்லலாம். இதுல வேலை பாக்கிறவங்க நெறைய பேரு காண்ட்ராக்ட் ஆளுங்க, சம்பளம் ரொம்பக் கம்மி, அது எனக்குத் தெரியும், அதுக்காக நோயாளிகிட்ட வாங்கறது சரின்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அதோட அந்த கையெழுத்து விஷயம். டாக்டர் சொல்லுக்கு மாறா கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறது. அப்படிப் போறப்பவும் இது வரைக்கும் என்ன பாத்தாங்க என்ன மருந்து கொடுத்தாங்கன்னு சம்மரி எழுதி வாங்கிட்டுப் போங்க. சொல்லாம கொள்ளாம போனா கேஸ் ஷீட்ல தலைமறைவுன்னு எழுதிருவாங்க, கையில ஒரு தாளும் இருக்காது.

குற்றாலச்சாரல்:
எழுதிக் கொடுக்கலாம்னு அன்னைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லல. சரி சிஸ்டர், குறிச்சு வச்சுக்கிட்டேன். ஆனாலும் சொல்லுதேன், கேக்காமலே கிடைக்க வேண்டியதை கேட்டு வாங்க வேண்டியிருக்கதே தப்புதான்.

ஓய்வுபெற்றசிஸ்டர்:
அதுல எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்ல.

கரிசல்கதிர்:
எல்லாருக்கும் நன்றி, இப்பத்தான் எழுத நேரம் கிடைச்சுது. அப்பாவை சேத்தாச்சு. நீங்க சொன்ன மாதிரியே சீட்டு போடுற இடத்துல விரல் கருத்திருக்குன்னு சொன்னேன், சர்ஜரி ஓபிக்கு எழுதினாங்க. அங்க ஒரு லேடி டாக்டர் கட்டைப் பிரிச்சு, மூக்கைக் கூட சுளிக்காம, குனிஞ்சு உக்காந்து பாதத்துல விரலை வச்சு நாடி பாத்துட்டே இருந்தாங்க. அப்பா வெக்கப்பட்டு காலை இழுத்துக்கிட்டாங்க, அந்தம்மா ஒரு கையால காலைப் பிடிச்சுக்கிட்டு, தாத்தா இழுக்காதீங்க, நாடி கிடைக்குதுன்னு சொன்னாங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருச்சு.

சுகர் 400க்கு மேல இருந்துச்சு, அன்னைக்கே அட்மிஷன். பெட் கிடைக்கல, முதல் ராத்திரி தரையிலதான், பிறகு கிடைச்சுது. டாப்ளர் எடுத்தாங்க. ரெண்டு விரலை மட்டும் எடுத்துட்டு சுத்தம் பண்ணியிருக்காங்க, முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டிய அவசியம் இப்ப இல்லன்னு பிஜி டாக்டர் சொன்னார். ஆனா சுகர் கட்டுக்குள்ள வரலன்னா, மேல ஏறினா மறுபடி யோசிக்கணும்னும் சொல்லியிருக்கார். தினம் டிரெஸ்ஸிங் நடக்குது, சத்தம் போடாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க.

காப்பீட்டு கவுண்டர்ல ரேஷன் கார்டு நம்பரைப் போட்டுப் பாத்தாங்க, ராஜா அண்ணாச்சி சொன்ன மாதிரி பழைய பதிவு இருந்துச்சு, அதையே புதுப்பிச்சுக் கொடுத்தாங்க. வாசல்ல ஒருத்தர் காசு கேட்டார், கொடுக்கல, நானும் சித்தப்பா பையனும் தள்ளிட்டுப் போனோம். இன்னும் எழுதிக் கொடுக்கல, அப்பா டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள கொடுத்திருவேன். கக்கூஸ்தான் ரொம்ப மோசம், அதையும் சேத்து எழுதணும். கால்ல கட்டோட அங்க போயிட்டு வரதுக்குள்ள அந்தக் கட்டு நனைஞ்சிருது.

பாளைமேரி:
கட்டு நனையாம இருக்க போகும்போது மேல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் லேசா போடுங்க, இறுக்கிப் போட்டுராதீங்க, ரத்த ஓட்டம் நின்னுரும். வந்ததும் கழட்டிருங்க. பெட் பக்கத்துலயே வச்சுக்க யூரின் கேன் சிஸ்டர்கிட்ட கேளுங்க, பாதி அலைச்சல் குறையும்.

நாஞ்சில்மக்கா:
கதிர், எங்க அப்பாவுக்கும் ரெண்டு வருஷம் முன்ன ஆசாரிப்பள்ளத்துல இதே மாதிரி விரல் எடுத்தாவ. வீட்டுக்கு வந்த பிறகுதான் நெறைய பேரு கோட்டை விடுகது. தினம் டிரெஸ்ஸிங்குக்கு பாளையங்கோட்டைக்கு அலையாண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரில டிரெஸ்ஸிங் எழுதியிருந்தா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கட்டுவாவ. சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல பேரு கொடுங்க, 2021ல இருந்து வீட்டுக்கே கொண்டு வந்து தாறாவ, எங்க அப்பாவுக்கு அது வந்த பிறகுதான் மாத்திரை விடாம போடுகதே. இன்சுலின் எழுதியிருந்தா அதை மட்டும் சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க, ஃபிரிட்ஜ் இல்லன்னா மண்பானைல தண்ணிக்குப் பக்கத்துல எப்படி வைக்கணும்னு நர்சம்மா சொல்லித் தருவாவ.

பிறகு செருப்பு. எம்சிஆர் செருப்புன்னு கேளுங்க, அடியில மெத்துன்னு இருக்கும், ரெண்டு விரல் போன காலுக்கு அளவெடுத்து செஞ்சு போடணும். சாதா ரப்பர் செருப்பு வார் விரலுக்கு இடையில உரசி அடுத்த புண்ணு அதுலதான் ஆரம்பிக்கும். அளவெடுக்க எங்க போகணும்னு சர்ஜரி யூனிட்லயே எழுதி வாங்கிக்கோங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே.

கரிசல்கதிர்:
செருப்பு பத்தி யாருமே சொல்லல, நாளைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் பிஜி டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிருதேன். காட்டுக்கு இனிமே செருப்பு போட்டுத்தான் போகணும்னு அம்மா இப்பவே அப்பாகிட்ட சொல்ல ஆரம்பிச்சாச்சு.

ஓய்வுபெற்றசிஸ்டர்:
காட்டுக்கு இப்ப போக வேண்டாம்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க தம்பி, புண்ணு முழுசா மூடட்டும். தினம் ராத்திரி அடிப்பாதத்தை அம்மா டார்ச் அடிச்சுப் பாக்கணும், ரெண்டு காலையும். நல்லா இருக்க காலை யாரும் பாக்க மாட்டாங்க, அடுத்து அதுலதான் வரும். டிஸ்சார்ஜ் சம்மரி கையில வந்ததும் அடுத்த ஓபி தேதி எழுதியிருக்கான்னு பாத்துட்டு இங்க ஒரு வரி போடுங்க.